டேனா மிதிக்க வேண்டிய காகிதம்

அறிக்கையைத் தரையில் போட்டு, அதை மிதித்துக்கொண்டு டேனா வெளியேறுகிறாள். காட்சித் தாளில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. எழுதியவருக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தட்டியிருப்பார், அடுத்த காட்சிக்குப் போயிருப்பார். நான் நேற்றிலிருந்து அந்த வரியிலேயே நிற்கிறேன். மற்றதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வசனம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். டேனா எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்குவாள், எந்த இடத்தில் ஹோவர்டின் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்பதுவரை தெரியும். பர்பேங்கில் இந்தக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் மடக்கு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோமே, இத்தனை பெண்களில் இந்த வேஷம் யாருக்கு என்று யாராவது கேட்டால் நான் கூசாமல் கையைத் தூக்குவேன். கர்வம் என்றால் கர்வம்தான். அது இல்லாமல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நடிகை காலையில் எழுந்து பல் தேய்க்கவே முடியாது. டேனா ஒரு படகு கேப்டன். சியாட்டில் பக்கத்துத் தீவுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிறவள். பனிமூட்டத்தில் படகு துறையில் மோதிவிடுகிறது, விசாரணை அறிக்கை பழி மொத்தத்தையும் அவள் தலையில் போடுகிறது, மேலதிகாரி ஹோவர்ட் அதைக் கொண்டுவந்து அவளிடம் கொடுக்கிறான். அவள் படிக்கிறாள், பேசுகிறாள், போடுகிறாள், மிதிக்கிறாள், போகிறாள். தொடர் முழுவதும் அவள்தான். பாத்திரக் குறிப்பு என் கைப்பைக்குள் இருக்கிறது, பார்க்காமலே சொல்வேன்: முப்பதைத் தாண்டியவள், யாருக்கும் பயப்படாதவள், சரியாகத் தூங்காதவள். என்ன நிறம், எந்த நாட்டு அப்பாவுக்குப் பிறந்தவள் என்று ஒரு சொல் கிடையாது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு குறிப்பை நான் கையில் வாங்கியதில்லை. வாங்கிய அன்று அதைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறார்களோ என்று. பின்பக்கம் காலியாக இருந்தது.

பிரச்சினை கால்தான். நேற்று வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அறிக்கைக்குப் பதில் மின்சார பில்லைக் கீழே போட்டேன். வசனம் முடிந்தது, திரும்பினேன், கால் முன்னே போனது, பில்லுக்கு மேலே போய் அந்தரத்தில் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. சரி, பழக்க தோஷம், மறுபடி. இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி மிதித்தேன். மிதித்ததும் இடுப்பு தானாக வளைந்தது, கை தானாகப் போய்க் காகிதத்தைத் தொட்டது, விரல் தானாகக் கண்ணுக்கு வந்தது. அடுப்பு மேடையில் சாய்த்து வைத்திருந்த போனில் அத்தனையும் பதிவாகியிருக்கிறது. நெருப்பாகப் பேசிவிட்டு ஒரு படகு கேப்டன் மின்சார பில்லைக் கும்பிட்டுவிட்டுப் போகிறாள். விழுந்து விழுந்து சிரித்தேன், பிறகு பயம் வந்தது. நான் மேடையில் ஒருவனை அறைந்திருக்கிறேன். முன்பின் தெரியாதவனுக்கு முத்தம் கொடுத்திருக்கிறேன், அவன் பூண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். பிணமாகப் படுத்திருக்கிறேன், வீட்டில் அம்மா முன்னால் வாயில் வராத வார்த்தைகளைக் கேமரா முன்னால் சரளமாகப் பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் இந்த உடம்பு சொன்னபடி கேட்டது, ஒரு தாளை மிதி என்றால் மாட்டேன் என்கிறது. கடைசியில் துண்டை விரித்துப் போட்டு ஒத்திகை பார்த்தேன். துண்டை மிதிப்பதில் நான் மகாராணி. இதில் வேடிக்கை, எனக்குச் சாமி பூதம் எதுவும் கிடையாது. அம்மாவுக்கு உண்டு, அப்பாவுக்கு அறவே இல்லை. கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே சங்கரலிங்கம் என்ற பெயரோடு மிச்சிகனில் காலம் தள்ளுகிறவர் அவர். அம்மா கோயிலுக்குள் போய் வரும்வரை காரில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அந்தச் செய்தித்தாள் காலில் பட்டுவிட்டால் மட்டும், சீட் பெல்ட்டைக் கழற்றி, குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பள்ளியில் படிக்கும்போது நான் மடக்கினேன். "சாமி இல்லங்கிறீங்க, பேப்பர்ல மட்டும் சாமி இருக்காப்பா?" "சாமி எங்கிட்டு இருந்து வந்துச்சு? படிப்பும்மா அது." "அந்தப் பக்கத்துல கார் விளம்பரம்தான் இருக்கு." "எழுத்துதானே?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. சிவகாசியில் கல்லூரி விடுமுறைக்கெல்லாம் காலண்டர் அச்சடிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். அங்கே தரை முழுக்கத் தாளாக் கிடக்குமே, என்ன செஞ்சீங்க என்றால் அதற்கும் பதில் வைத்திருந்தார். "வெள்ளைத் தாளுக்குக் கணக்கு இல்ல. மை ஏறிட்டாத்தான் மரியாதை."

தாழ்வாரத்துக் கடைசியில் கதவு திறக்கிறது, ஒரு பெண் வெளியே வருகிறாள், பதிவு மேஜைக்காரப் பெண் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறாள். என் பெயர் இல்லை. என் பெயர் என்றால் அவள் கூப்பிடுவதற்கு முன் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும், அந்தத் தயக்கத்திலேயே நான் எழுந்துவிடுவேன். சுடர்க்கொடி. அதைச் சரிசெய்வதாகச் சொல்லித்தான் என் முதல் ஏஜென்ட் ஃப்ரெட் ஒரு நாள் முகமெல்லாம் மலர வந்தான். "கண்டுபிடித்துவிட்டேன். சூ கோடி!" ஏதோ புதையல் எடுத்த மாதிரி சொன்னான். நானும் சரி என்றேன், போட்டோவுக்குக் கீழே அந்தப் பெயரை அச்சடித்தேன். சூ கோடி என்று கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். சூ எங்கே என்று. டெக்சாஸ் பக்கத்துப் பொன்னிறத் தலைமுடிப் பெண் ஒருத்தியை எதிர்பார்த்திருப்பார். அந்தப் பார்வை கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது, ஃப்ரெட்டும் அலுத்துவிட்டான், சூவுக்கு நானே காரியம் செய்து முடித்தேன். அதற்குப் பிறகு சுடர்க்கொடிக்கு வேலை வந்தது. என்ன வேலை? ரத்த அழுத்தம் குறைகிறது டாக்டர் என்று சொல்லும் நர்ஸ். அறைச் சாவி நீட்டும் ஓட்டல் பெண். கதாநாயகனின் கம்ப்யூட்டரைத் திறந்து கொடுத்துவிட்டு அவன் காதலியைப் பார்த்துச் சிரிக்கிறவள். கொஞ்சம் அந்த உச்சரிப்போடு சொல்லுங்களேன் என்பார்கள். எந்த உச்சரிப்பு? நான் டெட்ராய்ட் பக்கத்து ட்ராய் ஊரில் பிறந்து வளர்ந்தவள், என் உச்சரிப்பு ஐஸ் ஹாக்கி பார்க்கிற உச்சரிப்பு. அம்மா பேசுவதைப் போலப் பேசிக் காட்டினால், இல்லை, இன்னும் நிஜமாக வேண்டும் என்பார்கள். அம்மா போதுமான அளவு நிஜமில்லையாம். இதை அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு ஒரு வாரம் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்குத் தொலைக்காட்சி என்றால் உயிர். மருந்துக் கடை வேலை முடிந்து வந்ததும் அதன் முன்னால்தான். திடீரென்று கத்துவாள், "ஏய் எல்லாரும் ஓடி வாங்க, நம்மாளு! நம்மாளு!" நாங்கள் இருந்தது இருந்தபடி ஓடுவோம். நான் மாடியிலிருந்து, அண்ணன் குளித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து சோப்பு நுரையோடு. போய் நின்றால் திரையில் வேறு யாரோ இருப்பார்கள். "போயிட்டாரே. கடையில சில்லறை குடுத்தாரு, நல்லாத்தான் குடுத்தாரு." எனக்கு அந்த ஆள் மேல் கோபமாக வரும். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால்தான் என்ன, நாங்கள் படியிறங்கி வரும்வரையாவது. டேனா நிற்பாள். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை நிற்பாள், யாரும் ஈரத்தலையோடு ஓடிவர வேண்டாம், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.   தண்ணீர் குடிக்கிறேன்.

அறையிலிருந்து அடுத்து வெளியே வருகிறவள் சம்யுக்தா. இவள் எப்போது உள்ளே போனாள், கூப்பிட்ட பெயர் என்னுடையது இல்லை என்பதோடு நான் கவனிப்பதை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஹூஸ்டன்காரி, அப்பா அம்மா திருச்சி. எந்த வேஷத்துக்கு என்னைக் கூப்பிட்டாலும் அவளையும் கூப்பிடுவார்கள், இரண்டில் ஒன்று தேறாதா என்ற கணக்கு. அவளுக்குக் கிடைத்தால் எனக்கு வயிறெரியும், எனக்குக் கிடைத்தால் அவளுக்கு எரியும், ஜெயித்தவள் தோற்றவளுக்குத் தோசை வாங்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தம். இதுவரை நாங்கள் சாப்பிட்ட தோசைகளைவிடப் பட்டினியாகப் போன நாட்கள்தான் அதிகம். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் வந்து பொத்தென்று உட்காருகிறாள். "எப்படிப் போச்சு?" என்கிறேன். "ம்ம். ஓகே." ஓகே என்று அவள் சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். சந்தேகம் வருகிறது, குரலைத் தாழ்த்துகிறேன். "மிதிச்சியா?" அவள் சட்டென்று என் கையைப் பிடிக்கிறாள். "அய்யோ, உனக்குமா?" இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வருகிறது, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் தன் காகிதத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கிறாள். "மிதிச்சேன்டி. மிதிச்சிட்டு வெளியில வந்து கதவுக்குப் பின்னாடி நின்னு கண்ணுல ஒத்திக்கிட்டேன். கையில பேப்பரே இல்ல, வெறும் காத்தைத் தொட்டு ஒத்திக்கிட்டேன்." "மிதிக்கிறப்போ முகம் எப்படி இருந்துச்சு?" அவள் சிரிப்பு நிற்கிறது. "அதான் போச்சு. அதுவரைக்கும் நல்லா பண்ணேன், சத்தியமா. கால் வைக்கிறப்போ டேனா காணாமப் போயிட்டா. எங்கம்மா பாத்துட்டாங்களோன்னு திருதிருன்னு முழிச்சிட்டேன். ரோஸ் நன்றி சொல்லிட்டாங்க, ரொம்ப அன்பா." தேர்வு செய்கிறவர் அன்பாக நன்றி சொன்னால் முடிந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு அவள் மேல் பரிதாபமும், அடியில் எங்கேயோ ஒரு துளி சந்தோஷமும் சேர்ந்தே வருகின்றன, சந்தோஷத்தை அமுக்கிப் பிடிக்கிறேன். அமுக்கும்போதே ஒரு யோசனை. "கீழ போடறதுக்கு அவங்களே ஏதாவது குடுக்கறாங்களா?" "இல்லடி, நம்ம கையில இருக்கிற வசனத் தாளைத்தான் போடச் சொல்றாங்க." அப்படியானால் வெள்ளைத் தாள். மை ஏறாத தாளுக்குக் கணக்கு இல்லை. வசனம்தான் மனப்பாடமாயிற்றே, கையில் என்ன இருந்தால் என்ன? மேஜைக்காரப் பெண்ணிடம் போய்ப் பிரிண்டரிலிருந்து கொஞ்சம் வெள்ளைத் தாள் கேட்கிறேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறாள், இந்தத் தாழ்வாரத்தில் இதைவிடக் கிறுக்குத்தனமெல்லாம் பார்த்திருப்பாள். சம்யுக்தா எழுந்து பையை மாட்டிக்கொள்கிறாள். "கிடைச்சா எனக்கு மசால் தோசை. ரெண்டு." நல்லவள்தான். என்னைவிட நல்லவள்.

வெள்ளைத் தாள் மடியில் இருக்கிறது, மனசு ஏன் அடங்க மாட்டேன் என்கிறது. ஏமாற்றுகிறேனோ? யாரை, என் காலையா? போன் அதிர்கிறது, அம்மாவின் குரல் செய்தி, காதோடு ஒட்டிவைத்துக் கேட்கிறேன். "சுடரு, சாப்டியாம்மா? வெறும் வயித்தோட போகாத, கொட்டாவி வரும். உள்ள போறப்போ வலது கால எடுத்து வச்சுப் போ. அப்பாட்ட சொல்லல, சிரிப்பாரு. நல்லா வரும் போ." இன்றைக்கு எல்லாருக்கும் என் கால்தான் கவலை. வலது காலை வைத்து உள்ளே போக வேண்டும், பிறகு எந்தக் காலால் மிதிப்பது? வலது காலால் மிதித்தால் மரியாதையான மிதியா? சிரிப்பு வருகிறது, வந்த சிரிப்பு பாதியில் வேறெங்கோ திரும்புகிறது. எதிரே இருக்கிறாளே, கன்னமெல்லாம் புள்ளி விழுந்த பெண், உதடு அசையாமல் வசனம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இந்த வரி ஒரு வரியே இல்லை. மிதி என்றால் மிதிப்பாள், மிதித்தோம் என்ற நினைப்புகூட இல்லாமல் வீட்டுக்குப் போவாள். அவளைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. இல்லை, பொறாமை இல்லை, பயம். கடைசியில் இந்த வேஷம் ஒரு கால் பழக்கத்தால் போய்விட்டது என்றால் யாரிடம் போய்ச் சொல்வேன், யார் நம்புவார்கள்? முப்பத்தொன்று முடியப் போகிறது. இந்த ஊர் பெண்களின் வயதைப் பாலுக்குத் தேதி பார்க்கிற மாதிரி பார்க்கும். அண்ணன் கல்யாணத்தில் சித்தப்பா கேட்டாரே, "இன்னும் நடிச்சிட்டுத்தான் இருக்கியாம்மா?" என்று, காய்ச்சல் இன்னும் விடலையா என்கிற தொனியில். போதும். நான் நன்றாக நடிப்பவள். இது ஆசையில் சொல்வது இல்லை. சிகாகோவில் சின்ன நாடகக் குழுவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நடித்தபோது முதல் வரிசையில் ஒரு பெரிய உடம்புக்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார், அவருக்கு நான் எந்த ஊர்க்காரி என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரியும், என்னால் முடியும். டேனா என் கைக்குள் இருக்கிறாள். அவள் ஏன் அதை மிதிக்கிறாள் என்பது மட்டும்தான்... ஏன் மிதிக்கிறாள்? கோபம், சரி. எதன் மேல் கோபம்? இதை நேற்றிலிருந்து நான் கேட்டுக்கொள்ளவே இல்லையே, கால் கால் என்றே ஓடிக்கொண்டிருக்கிறேனே. மேஜைக்காரப் பெண் பட்டியலைப் பார்க்கிறாள். தயங்குகிறாள். நான் எழுந்துவிட்டேன்.

வலது கால். அம்மாவுக்காக. உள்ளே சின்ன அறை, ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறார்கள், கேமரா ஒரு முக்காலியில் நிற்கிறது, எதிர் மூலையில் ஸ்டாண்டில் ஒரு விளக்கு. நடிகர்களைத் தேர்ந்தெடுக்கிற ரோஸ் ஹேலி மேஜைக்குப் பின்னால், மூக்குக் கண்ணாடி தலைமேல், பாதி தின்ற சாண்ட்விச் பக்கத்தில். எனக்கு ஹோவர்டின் வசனத்தைப் படிக்கப்போகிறவர் டெவன், நெட்டையானவர், காலையிலிருந்து அதே வசனத்தைப் படித்துப் படித்துக் களைத்த முகம். வணக்கம், எப்படி இருக்கிறீர்கள், போக்குவரத்து எப்படி, எல்லாம் முடிகிறது. வெள்ளைத் தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குறியிட்ட இடத்தில் போய் நிற்கிறேன். "ஒரு நிமிடம்" என்கிறார் ரோஸ். "எல்லாரும் இரண்டு தாளைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், விசாரணை அறிக்கை மாதிரியே இல்லை. இதை வைத்துக்கொள்ளுங்கள்." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டுகிறார். ஏதோ பழைய படத்தின் கதை வசனம், தடிமனாக, கிளிப் போட்டு, வரிக்கு வரி அடித்துத் திருத்தி, ஓரமெல்லாம் பேனாவால் எழுதி. மை ஏறியதிலேயே மை ஏறியது. வாங்கிக்கொள்கிறேன், வேறு என்ன செய்ய? வெள்ளைத் தாள்கள் நாற்காலிக்குப் போகின்றன. கேமராவில் சிவப்பு விளக்கு. டெவன் ஆரம்பிக்கிறார், எடுத்த எடுப்பிலேயே களைப்பு தெரிகிறது, அந்தக் களைப்பு ஹோவர்டுக்குப் பொருந்துகிறது, நான் அதைப் பிடித்துக்கொள்கிறேன். கட்டைப் புரட்டுகிறேன், உண்மையாகவே படிக்கிறேன், எவனோ எழுதிய ஏதோ ஒரு காதல் காட்சி, அதில் என் படகைத் தேடுகிறேன். "நீங்கள் அங்கே இல்லை, ஹோவர்ட். நான் இருந்தேன். நீட்டிய கை தெரியாத பனியில் நான் நின்றேன். இத்தனை பக்கத்தில் பனி என்று ஒரு சொல் இருக்கிறதா, காட்டுங்கள்." குரல் எனக்கு வேண்டிய இடத்தில் உட்காருகிறது, உயரவில்லை, உயராமலே கனக்கிறது. டெவன் காகிதத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். இப்போது நான் யாரையும் நினைக்கவில்லை, கட்டு என் கையிலிருந்து நழுவித் தரையில் அறைகிறது, திரும்புகிறேன், கால் போகிறது, நிற்கவில்லை, முழுப் பாரத்தோடு அதன் மேல் இறங்குகிறது, கீழே தாள்கள் நசுங்கும் சத்தம் கேட்கிறது, தாண்டி நடக்கிறேன். கதவுப் பக்கம் போய்விட்டேன். போய், திரும்பி வந்தேன். குனிந்தேன், விரலால் தொட்டேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன், நிமிர்ந்து ஹோவர்டைப் பார்த்த பார்வையில் கோபம் ஒரு துளி குறையவில்லை. மறுபடி கதவுக்குப் போனேன்.

 கதவைப் பார்த்தபடி நிற்கிறேன். போச்சு, சம்யுக்தா கதவுக்கு வெளியே செய்ததை நான் கேமரா முன்னால் செய்துவிட்டேன். மன்னிக்கவும், பழக்கம், இன்னொரு தடவை செய்கிறேன் என்ற வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது. "அது என்ன?" என்கிறார் ரோஸ். திரும்புகிறேன், மன்னிக்கவும் என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், வேறொன்று வருகிறது. "கோபம் அறிக்கை எழுதியவன் மேல். காகிதம் என்ன பாவம் செய்தது?" ஆங்கிலத்தில் சொல்லும்போது இன்னும் வெடுக்கென்று வந்தது, டேனாவின் குரலிலேயே வந்தது. ரோஸ் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து மேஜையில் வைக்கிறார், முகம் மலர்கிறது, மேஜைக்கு மேலே சாய்ந்து வருகிறார். "பிரமாதம். இது உங்கள் கலாச்சாரத்தில் இருக்கிற வழக்கமா?" அந்தச் சொல் வந்துவிட்டது. எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும், போகவும் ஆரம்பித்துவிட்டது. "எழுதுகிறவர்களிடம் நானே பேசுகிறேன். டேனாவை இந்தியப் பெண்ணாக்கிவிடலாம், பெயரை மாற்றலாம், தீபா மாதிரி ஏதாவது. வீட்டில் ஒரு அம்மா இருக்கலாம், விளக்கு ஏற்றிக்கொண்டு, மகள் படகு ஓட்டுவது பிடிக்காத அம்மா. நீங்கள்தான் என்றால் அது எத்தனை அழகாக இருக்கும்!" கெட்டவர் இல்லை, கண்ணில் உண்மையான ஆசை தெரிகிறது. நீங்கள்தான் என்றால்.  தலையை ஆட்டினால் போதும், வேஷம் பாதிக்கு மேல் என் கையில். டைட்டிலில் முதல் பெயர், ஒரு வருஷ வேலை, சித்தப்பாவுக்குப் பதில், எல்லாம் ஒரு தலையாட்டலில் இருக்கிறது. அதற்குள் டேனாவின் படகில் ஊதுபத்திப் புகை ஏற ஆரம்பித்துவிட்டது, சுக்கான் பிடித்து நிற்பவளுக்குப் பின்னால் ஒரு அம்மா கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள், அந்த அம்மாவின் உச்சரிப்பு என் அம்மாவினுடையதைவிட நிஜமாக இருக்கப்போகிறது. பயமாக இருக்கிறது. பயந்துகொண்டே சொல்கிறேன்: "வேண்டாம். அவள் பெயர் டேனாதான். வீட்டில் இருக்கிற அம்மாவும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். அவளுக்குப் படகு இருக்கிறது, அது போதும்." ரோஸ் புருவத்தைச் சுருக்குகிறார். "அப்படியானால் அவள் ஏன் அதைச் செய்தாள் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாதே?" "ஹோவர்டுக்கும் புரியாது. அதனால்தான் அவரால் அதற்கு மேல் பேச முடியவில்லை."

 டெவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவள் கதவுக்குப் போனதும் நான் கத்த வேண்டும். டேனா, திரும்பி வா என்று இங்கே எழுதியிருக்கிறது. நான் கத்தவில்லை" என்றார். காலையிலிருந்து அவர் கத்திக்கொண்டுதானே இருந்திருப்பார், தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே கேட்டது. "மறந்துவிட்டது" என்றார், கொஞ்சம் வெட்கப்பட்டு. ரோஸ் அவரைப் பார்த்தார், பிறகு என்னை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் தாளில் ஏதோ எழுதினார், நிறைய எழுதினார்.  கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. வெளியே புள்ளி விழுந்த கன்னக்காரி காத்திருக்கிறாள், அவளிடம் பெயரை மாற்றலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இன்னொரு தீபாவை இவர்கள் நாளைக்கே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்கட்டும். "டேனா" என்றார் ரோஸ், நிமிராமலே, பெயரைச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. "சரி. இன்னொரு தடவை, முதலில் இருந்து. அதையும் செய்யுங்கள்." "வேண்டுமென்று செய்ய வராது, மிதித்தால்தான் வரும்" என்றேன். "அப்படியானால் நன்றாக மிதியுங்கள்." குறியிட்ட இடத்துக்கு நடந்தேன். ரோஸ் விளக்கைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார், டெவன் எழுந்தார். விளக்கு அறையின் அந்தக் கோடியில் இருந்தது, நடுவில் அந்தக் கட்டு கிளிப் தெறித்து விரிந்து கிடந்தது. இரண்டு எட்டு வைத்தவர் அதன் முன்னால் நின்றார். நின்று, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.